குளிர்காலத்தில் ஹெல்சிங்கி: ஜோடியாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் குடியிருப்பதால், நவம்பர் பிறந்தாலே எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். லண்டனிலோ பிராங்பர்ட்டிலோ சென்னையிலோ வேலை, நாலு நாள் லீவு, பனி பார்க்க ஆசை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அடிப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

ஊர் சின்னதுன்னு சொல்றாங்களே, குளிர்ல அங்க போய் பார்க்க அப்படி என்ன இருக்கு?

சின்ன ஊர்தான். பாரிஸ், ரோம் போல பட்டியல் போட்டு ஓட வேண்டிய இடங்கள் இங்கே குறைவு. செனட் சதுக்கத்து வெள்ளைத் தேவாலயம், கடற்கரை மார்க்கெட், பாறையைக் குடைந்து கட்டிய தெம்பெலியௌகியோ தேவாலயம், கல் மனிதர்கள் கையில் விளக்குருண்டையோடு நிற்கும் ரயில் நிலையம் எல்லாமே நடக்கிற தூரத்தில் இருக்கின்றன.

குளிர்காலத்தில் இந்த ஊரின் சுகமே வேறு. வெளியே முக்கால் மணி நேரம் நடந்து மூக்கு சிவந்ததும் ஒரு காபிக் கடைக்குள் நுழைய வேண்டும். சூடேறியதும் மறுபடி நடை. அடுத்து ஒரு நூலகம், அருங்காட்சியகம் அல்லது சௌனா என்ற நீராவிக் குளியல். குளிருக்கும் சூட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருப்பதுதான் இங்கே ஊர் சுற்றுவது. ஒரே நாளில் பத்து இடம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இந்த ஊர் சரிவராது. அவர்கள் மே மாதம் வரட்டும்.

எவ்ளோ குளிரும்? தாங்க முடியுமா?

டிசம்பரில் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் மைனஸ் 3, 4. நடுவில் சில நாள் மைனஸ் 15, 20 வரைக்கும் இறங்கும். ஆனால் தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். காற்றே இல்லாமல் வெயிலடிக்கிற மைனஸ் 10 சுகமாக இருக்கும். கடலிலிருந்து ஈரக்காற்று வீசுகிற பூஜ்யம்தான் எலும்புக்குள் இறங்கும். வானிலை ஆப்பில் காற்றின் வேகத்தையும் பாருங்கள்.

உள்ளே எங்கே போனாலும் 21 டிகிரி போல இருக்கும். வீடு, டிராம், கடை எல்லாம் கதகதப்புதான். சென்னையில் ஏசி தியேட்டரில் நடுங்கியவர்கள்கூட இங்கே ஹோட்டல் அறையில் டி-ஷர்ட்டோடு இருப்பார்கள். ஒரு சின்னத் தகவல்: கொண்டுவரும் தேங்காய் எண்ணெய் அந்த அறைக்குள்ளேயே உறைந்துவிடும். வாயகன்ற டப்பாவில் எடுத்து வாருங்கள்.

டிசம்பரா, பிப்ரவரியா? ரெண்டுல எது?

பிப்ரவரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிசம்பர் 21 வாக்கில் சூரியன் காலை 9.24க்கு எழுந்து மாலை 3.13க்கு மறைந்துவிடும். அந்த ஆறு மணி நேரத்துக்கும் குறைவான பகலில்கூட பாதி நாள் மேகமூட்டம்தான். பனி இருக்கும் என்றும் நம்ப முடியாது, பெய்து கரைந்து சாலையெல்லாம் சகதியாகக் கிடக்கும் டிசம்பர்கள் நிறைய. பிப்ரவரி நடுவில் பகல் ஒன்பது மணி நேரத்தைத் தொட்டுவிடும். பனி நிலைத்து நிற்க வாய்ப்பு அதிகம், கடலும் பெரும்பாலும் உறைந்திருக்கும், வெள்ளைத் தரையில் வெயில் பட்டுக் கண் கூசும்.

டிசம்பருக்கு என்று இருப்பது விளக்குகளும் கிறிஸ்துமஸ் சந்தையும். அதுதான் வேண்டும் என்றால் மாதத்தின் முதல் பாதியில் வாருங்கள். 6ஆம் தேதி ஃபின்லாந்தின் சுதந்திர தினம். அன்று மாலை வீட்டு ஜன்னல்களில் இரண்டிரண்டு மெழுகுவத்திகள் எரியும், மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி செனட் சதுக்கத்துக்கு ஊர்வலம் வருவார்கள். 13ஆம் தேதி தேவாலயப் படிகளில் புனித லூசியா பெயரில் ஊர்வலம். நவம்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்போது இருட்டு இருக்கும், பனி இருக்காது.

காதலர் தினத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே பிப்ரவரி 14 நண்பர்கள் தினமாகத்தான் கொண்டாடப்படுகிறது. ஊரெங்கும் சிவப்பு பலூனை எதிர்பார்க்காதீர்கள்.

எத்தனை நாள் போதும்?

முழுசாக மூன்று நாள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எஸ்டோனியத் தலைநகர் டாலினையும் சேர்த்தால் நான்கு. அதற்கு மேல் என்றால் வடக்கே போவது பற்றி யோசிக்கலாம், கீழே சொல்கிறேன்.

விசா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணா எடுக்கலாமா?

கணவன் மனைவியாக இருந்தாலும் ஆளுக்கொரு ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விண்ணப்பம், ஆளுக்கொரு கட்டணம், 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒருவர் செலவில் மற்றவர் வருகிறார் என்றால் திருமணச் சான்றிதழை இணைப்பது நல்லது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போடக் கூடாது.

ஐரோப்பாவில் இரண்டு மூன்று நாடு சுற்றுகிறீர்கள் என்றால் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. லண்டன்காரர்களுக்கு, இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தேவை.

ஹோட்டல்ல மேரேஜ் சர்டிபிகேட் கேப்பாங்களா?

கேட்க மாட்டார்கள். நீங்கள் தம்பதியா நண்பர்களா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. பாஸ்போர்ட் போதும். ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குப் புதிதாக இருக்கும்: இரட்டைக் கட்டிலில்கூட ஆளுக்கொரு போர்வை மடித்து வைத்திருப்பார்கள். இங்கத்து வழக்கம் அது. பாதி ராத்திரிப் போர்வைச் சண்டைக்கு இடமில்லை.

கேக்கக் கூச்சமா இருக்கு, டாய்லெட்ல தண்ணி இருக்குமா?

எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஃபின்லாந்தில் வீடுகளில் கிட்டத்தட்ட எல்லாக் கழிப்பறையிலும் கை ஷவர் உண்டு, பல ஹோட்டல்களிலும் பொது இடங்களிலும்கூட. ஐரோப்பாவில் இப்படி நிம்மதி தரும் நாடுகள் குறைவு.

என்னென்ன துணி வாங்கணும்? ஒரே பெரிய ஜாக்கெட் போதாதா?

போதாது. அடுக்கு அடுக்காகப் போடுவதுதான் முறை. தோலை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். உள்ளே போடுவது பருத்தியாக இருக்கக் கூடாது. நடந்து வியர்த்ததும் பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், நின்றதும் உடம்பு சில்லிட்டுவிடும். ஜீன்ஸுக்கு உள்ளேயும் தெர்மல் வேண்டும். காதை மூடும் குல்லா, விரல் சேர்ந்த கையுறை, கழுத்துக்கு ஒரு மஃப்ளர். தெர்மலை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கனத்த ஜாக்கெட்டைத் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கினால் பணம் மிச்சம்.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் ஷூ. வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக வாங்கி உள்ளே கம்பளிக் காலுறை போடுங்கள், விரல்கள் அசைய இடம் இருந்தால்தான் சூடு நிற்கும். இங்கே சுற்றுலா வருகிறவர்களைப் படுத்துவது குளிரைவிட வழுக்கல்தான். வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்கும் நாட்களில் ஐஸ் மேல் ஒரு படலம் தண்ணீர் நிற்கும், பார்க்க வெறும் ஈரத் தார்ச்சாலை போலவே இருக்கும். நடைபாதையில் சரளை தூவியிருப்பார்கள், இருந்தாலும் ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணிப் பட்டை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும், பளிங்குத் தரையில் அதுவே ஆளைத் தள்ளும்.

இன்னொன்று, ஜாக்கெட்டில் தொங்கவிடும் பிரதிபலிப்பான். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று இங்கே சாலை விதியே சொல்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் சில யூரோவுக்குக் கிடைக்கும். ஊருக்குக் கொண்டுபோகவும் நல்ல பொருள்.

ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸியா ரயிலா?

ரயில். ஐ, பி என்று இரண்டு எழுத்து ரயில்கள் வட்டமாக ஓடுகின்றன. எதில் ஏறினாலும் அரை மணி நேரத்தில் மத்திய ரயில் நிலையம். டிக்கெட் ஏபிசி மண்டலத்துக்கு எடுக்க வேண்டும், நகருக்குள் சுற்ற ஏபி போதும். நகரப் போக்குவரத்து நிறுவனமான எச்எஸ்எல்லின் ஆப்பில் எடுப்பது சுலபம். டிராமில் ஏறி டிரைவரிடம் டிக்கெட் வாங்க முடியாது. பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் கடுமை.

டாக்ஸிக் கட்டணத்துக்கு 2018 முதல் உச்சவரம்பு கிடையாது. வரிசையில் முதலில் நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும் என்றும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்து ஏறுங்கள், அல்லது ஆப்பில் அழையுங்கள்.

மூணு மணிக்கே இருட்டிடும்னா மிச்ச நாள் பூரா ரூம்லயா இருக்கறது?

வெளிச்சத்தைக் கணக்கு வைத்து நாளைப் பிரித்தால் ரூமில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. பத்திலிருந்து மூன்று வரை வெளியே பார்க்க வேண்டியவை, அதன் பிறகு உள்ளே இருப்பவை. காலையில் கடலோரமாக நடந்து சிபேலியஸ் நினைவுச்சின்னம் போகலாம். அறுநூறுக்கும் மேற்பட்ட எஃகுக் குழாய்களைக் கொத்தாகப் பிணைத்து 1967இல் நிறுவியது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரெகாட்டா என்ற சிவப்பு மரக் குடில், காபிக் கடை. வெளியே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், பெஞ்சில் ஆட்டுத்தோல் விரித்திருப்பார்கள். இலவங்கப்பட்டை ரோலும் காபியுமாக அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஊர்க்காரர்களே பிராமில் கைக்குழந்தையைப் போர்த்தித் தூங்கவிட்டு வெளியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

இருட்டியதும் ஊடி. 2018 டிசம்பரில் திறந்த மத்திய நூலகம், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே. கட்டணம் இல்லை, உறுப்பினராக வேண்டியதில்லை. மேல்தளத்தில் புத்தகங்களும் கண்ணாடிச் சுவரும், நடுத்தளத்தில் தையல் மெஷினும் முப்பரிமாண பிரின்டரும், ஓரமாகச் செஸ் ஆடுகிற பெரியவர்களும். பக்கத்திலேயே தரைக்கு அடியில் ஆமோஸ் ரெக்ஸ் அருங்காட்சியகம். ஃபின்லாந்து ஓவியங்களுக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே அதேனேயும் என்ற அருங்காட்சியகம். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துத் திட்டமிடுங்கள்.

ஜனவரி ஆரம்பத்தில் வந்தால் லக்ஸ் ஹெல்சிங்கி என்ற ஒளித்திருவிழா இருக்கும். இருட்டு அதற்கு வசதி.

சுவோமென்லின்னா கோட்டைக்குக் குளிர்காலத்துல படகு ஓடுமா?

வருடம் முழுக்க ஓடும். மார்க்கெட் சதுக்கத்திலிருந்து கால் மணி நேரம், மேலே சொன்ன ஏபி டிக்கெட்டே செல்லும். உறைந்த கடலில் படகு போகும்போது ஐஸ் பாளங்கள் விலா எலும்பு முறிவது போன்ற சத்தத்தோடு உடைந்து ஒதுங்கும். என்னைக் கேட்டால் கோட்டையைவிட அந்தப் பயணம்தான் முக்கியம். உள்ளே உட்காராமல் மேல்தளத்தில் நில்லுங்கள்.

கோட்டை 1748இல் சுவீடன் ஆட்சியில் கட்டத் தொடங்கியது, 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில். குளிர்காலத்தில் அங்கே பாதிக் கடைகள் மூடியிருக்கும், காற்றும் பலமாக அடிக்கும். சுவர்களுக்குள் இருட்டுச் சுரங்கப் பாதைகள் உண்டு. ஃபோன் டார்ச் போதும், ஆனால் குளிரில் ஃபோன் சார்ஜ் சட்டென்று இறங்கும் என்பதால் உள்பாக்கெட்டில் உடம்பை ஒட்டி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

நாங்க ரெண்டு பேரும் சுத்த சைவம். பட்டினியா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஏறத்தாழ எல்லா உணவகத்திலும் சைவம் ஒன்றாவது இருக்கும், முட்டை, பால், மீன் பற்றிக் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். ஹெல்சிங்கியில் நேபாளி உணவகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மதியம் அங்கே பஃபே, சோறும் பருப்பும் காய்கறியும் வயிறார. காரம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஊறுகாய்ப் பொட்டலம் கையில் இருக்கட்டும். ஊர்ப் பண்டம் சாப்பிட வேண்டுமென்றால் கரேலியப் பிராக்கா: ரை என்ற தானியத்தின் மாவில் செய்த மெல்லிய ஓட்டுக்குள் அரிசிக் கஞ்சி. மேலே முட்டை வெண்ணெய் தடவித் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. வியாழக்கிழமை மதியம் பல இடங்களில் பச்சைப் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் கொடுப்பார்கள், பழைய வழக்கம். பார்த்தால் நம் பருப்புக் கடைசல் போலவே இருக்கும். அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சி கிடக்கும். கேட்காமல் கரண்டியை விடாதீர்கள்.

அசைவக்காரர்களுக்குக் கேள்வியே இல்லை. கடலோரத்தில் 1889இல் திறந்த பழைய மார்க்கெட் கட்டடத்துக்குள் போய் பால் விட்டுக் காய்ச்சிய சால்மன் சூப்பும் ரை ரொட்டியும் சாப்பிடுங்கள்.

செலவு கையைக் கடிக்குமா?

கடிக்கும். குறைக்க ஒரு வழி, பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுவது. வார நாட்களில் பத்தரை, பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை மதிய உணவு 12 முதல் 15 யூரோவுக்குள் முடியும், பல இடங்களில் காபியும் அதிலேயே சேர்த்தி. அதே உணவகத்தில் இரவு ஒரு தட்டே 25 யூரோ ஆகலாம். ராத்திரிக்கு சூப்பர் மார்க்கெட் போதும். குழாய்த் தண்ணீர் அருமையானது, பாட்டில் வாங்குவது வீண். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். எல்லா இடத்திலும் கார்டு செல்லும்.

ஒயின் பாட்டில் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: அது அல்கோ என்ற அரசுக் கடையில்தான் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை திறக்காது. டாஸ்மாக் என்று நினைத்து உள்ளே போனால் நகைக்கடை போல அமைதியாக இருக்கும்.

சௌனாவுல துணியில்லாம உக்காரணுமாமே? ரெண்டு பேரும் சேர்ந்து போக முடியுமா?

இடத்தைப் பொறுத்தது. கடலோரத்தில் இருக்கும் லோயுலு, ஆல்லஸ் போன்ற புதிய இடங்களுக்கு நீச்சல் உடை கொண்டுபோங்கள். லோயுலுவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே உட்காரலாம், அங்கே நீச்சல் உடை கட்டாயம். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கல்லியோ பகுதியில் 1928 முதல் இருக்கும் கோட்டிஹர்யு போன்ற பழைய சௌனாக்களில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. உள்ளே துணி கிடையாது, துண்டு மட்டும். குளிர் எடுக்க வாசலுக்கு வந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, தோளிலிருந்து ஆவி பறக்க, தெருவோரமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தால் அறைக்குள்ளேயே சௌனா உள்ள ஹோட்டலாக எடுத்துவிடுங்கள்.

முறை எளிது. முதலில் ஷவரில் குளிக்க வேண்டும். துண்டை விரித்து அதன் மேல் உட்கார வேண்டும். சூடு 80, 90 டிகிரி இருக்கும். மேல் படிதான் அதிகச் சூடு, புதியவர்கள் கீழ்ப்படியில் தொடங்கலாம். கல் மேல் தண்ணீர் ஊற்றியதும் எழும் ஆவி காதையும் மூக்கையும் சுடும், குனிந்துகொண்டால் அடங்கிவிடும். பத்து நிமிடம், வெளியே வந்து ஆறுதல், தண்ணீர் குடித்தல், மறுபடி உள்ளே. யாருக்கும் யாரோடும் போட்டியில்லை. முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அப்படியே கடலில் இறங்கலாமா என்றால், உடம்பு நன்றாக இருந்தால் இறங்கலாம், ஏணியைப் பிடித்தபடி, சில விநாடி, தலையை முக்காமல். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சௌனாவும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

நார்தர்ன் லைட்ஸ் ஹெல்சிங்கியிலயே தெரியுமா?

இரவு வானில் திரை போல அசையும் அந்த வண்ண ஒளியை நம்பி வராதீர்கள். சூரியப் புயல் பலமாக இருக்கும் இரவில், மேகமும் இல்லாமல் இருந்தால், வடக்குத் திசையில் தெரிந்ததுண்டு. நான்கு நாள் பயணத்தில் அது அமைவது அதிர்ஷ்டம், அமைந்தாலும் நகர வெளிச்சம் அமுக்கிவிடும்.

அதற்காகவே வருவதென்றால் ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்து போக வேண்டும். ரோவனியெமி வடதுருவ வட்டத்தை ஒட்டி, 800 கிலோமீட்டர் தள்ளி. இரவு ரயிலில் இரண்டு பேருக்கான தனிக் கேபின் உண்டு, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். ஜோடியாகப் போக அந்த ரயில் நல்ல அனுபவம். அங்கேயும் மேகம் மறைக்கலாம், குறைந்தது மூன்று இரவு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரிக்காக ஓடிப்போய் ஓடிவருவது காசைக் கரியாக்குவது.

டாலினுக்கு ஒரே நாள்ல போயிட்டு வரலாமா?

தாராளமாக. கப்பலில் இரண்டு மணி நேரம். எஸ்டோனியாவும் ஷெங்கன் என்பதால் வேறு விசா வேண்டாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். காலைக் கப்பலில் போய் மாலைக் கப்பலில் திரும்பினால் மதில் சூழ்ந்த பழைய நகரத்தை நிதானமாகப் பார்க்கலாம். அங்கே கருங்கல் பாவிய தெருக்கள் சரிவானவை, ஆணிப் பட்டையை மறக்காதீர்கள். டிசம்பர் என்றால் என் ஓட்டு டாலின் கிறிஸ்துமஸ் சந்தைக்குத்தான், ஹெல்சிங்கிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

கிறிஸ்துமஸ் அன்னிக்கே அங்க இருக்கணும்னு ஆசை. புக் பண்ணிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இங்கே கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் நடக்கிற பண்டிகை. 24ஆம் தேதி மதியத்தோடு ஊர் அடங்கிவிடும், கடைகளும் உணவகங்களும் மூடி, மாலையில் டிராமும் குறைந்துவிடும். 25ஆம் தேதியும் அப்படியே. செனட் சதுக்கச் சந்தையையும் அதற்குள் கட்டிவிடுவார்கள். பெரிய ஹோட்டல் உணவகங்களில் முன்பதிவு செய்துகொண்டு, முந்தின நாளே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

அப்படியும் வந்துவிட்டால், 24 மாலை ஹியெத்தனியெமி கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். குடும்பம் குடும்பமாக வந்து ஒவ்வொரு கல்லறையிலும் விளக்கு வைப்பார்கள், பனிக்கு நடுவே ஆயிரக்கணக்கில். கேமராவை மட்டும் அடக்கி வாசியுங்கள்.

கடல் உறைஞ்சிருந்தா மேல நடந்து பார்க்கலாமா? எல்லாரும் நடக்கறாங்களே!

நடப்பவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் கழுத்தைக் கவனியுங்கள். சிலர் இரண்டு கைப்பிடியில் ஆணி வைத்த ஒரு சாதனத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஐஸ் உடைந்து விழுந்தால் விளிம்பில் குத்தி ஏறி வர அது. கெட்டியான ஐஸ் 5 செ.மீ. இருந்தால் ஒரு ஆளைத் தாங்கும் என்பது கணக்கு. ஆனால் பாலத்துக்கு அடியில், கப்பல் பாதையில், நாணல் ஓரத்தில் எல்லாம் அதே கனம் இருக்காது, மேலே பனி மூடியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் தெரியவும் தெரியாது. உறைபனி வாரக்கணக்கில் நீடித்து, பலர் நடந்து தடம் பதிந்த பாதை இருந்தால், கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம். தனியாகத் தடம் போட வேண்டாம். அவசர எண் 112.

எனக்குக் குளிர் பிடிக்கும், அவருக்குச் சுத்தமா ஆகாது. கூட்டிட்டு வரலாமா?

வரலாம், அவரை உங்கள் வேகத்துக்கு இழுக்காமல் இருந்தால். முதல் கேள்விக்குச் சொன்ன வெளியே–உள்ளே கணக்கில், அவருக்கு வெளியே இருபது நிமிடம், உள்ளே ஒரு மணி நேரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஹோட்டலை மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கமாகவே எடுங்கள், நினைத்தபோது திரும்பிவிடலாம். சுவோமென்லின்னாவுக்கு நீங்கள் மட்டும் போய்வாருங்கள். அந்த நேரத்தில் அவர் 1891 முதல் குளுவிகாத்து தெருவில் இருக்கும் ஃபாட்சர் கஃபேயில் கேக்கோடு உட்கார்ந்திருக்கட்டும். சௌனாவுக்கு மட்டும் கட்டாயம் கூட்டிப்போங்கள். குளிர் ஆகாது என்று வருகிறவர்கள்தான் அங்கே மேல் படியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்கள்.